விஷமில்லாத பாம்பு வளர்க்க ஆசை: நண்பர் தரும் மலைப்பாம்புக் குட்டியை வாங்கிக்கொள்ளலாமா?

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன். அவருக்கு 31 வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மனைவி, மூன்று வயது மகள், சர்க்கரை வியாதி உள்ள அம்மா என்று நான்கு பேர் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பாம்பு என்றால் பிரியம். மனைவிக்குப் பூனை முடி ஆகாது, நாய் வளர்க்க இடமில்லை, அதனால் விஷமில்லாத பாம்பு ஒன்றை வளர்க்கலாம் என்று ரொம்ப நாளாக யோசித்து வருகிறார். இப்போது தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறைப் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், அங்கே பிடித்த மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வாளியில் மூடி வைத்திருக்கிறார், வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள் என்கிறார். கடையில் பார்த்த பால் பைத்தானும் (ball python) கார்ன் ஸ்நேக்கும் (corn snake) பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று மனசு சொல்கிறதாம்.

அவர் எழுதியதில் இன்னும் சில: விஷம் இல்லாத பாம்புக்கு லைசென்ஸ் எதற்கு? சின்னத் தொட்டியில் வைத்தால் அதற்குத் தக்கபடிதானே வளரும்? நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர், தெர்மோமீட்டர் எல்லாம் தேவையில்லைதானே? பாம்புக் கோயிலில் சின்ன வயதிலேயே பாம்பைத் தொட்டிருக்கிறேன், பயமே கிடையாது. சரிப்பட்டு வராவிட்டால் மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம். மனைவி "உங்க இஷ்டம்" என்கிறார். அம்மாதான் "நாகம்மாவைப் பெட்டியில அடைச்சு வைக்கிறது குடும்பத்துக்கு ஆகாது" என்று இரண்டு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை.

தம்பி, ஒரு கால்நடை மருத்துவராக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையில் தப்பு எதுவும் இல்லை. நல்ல இடத்தில் பிறந்த, நல்ல பெட்டியில் வாழும் பாம்பு அமைதியான, சுத்தமான பிராணி. அது குரைக்காது, முடி கொட்டாது, தீபாவளிக்கு நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் வளர்ந்த பாம்புக்குச் சாப்பாடு தவறினால் பெரிய கஷ்டம் இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் பதில் இதுதான்: நண்பரின் குட்டி வேண்டவே வேண்டாம், கடைப் பாம்பையும் இப்போது வாங்காதீர்கள். மகளுக்கு ஐந்து வயது முடியட்டும். ஏன் என்று சொல்கிறேன், அந்த இடைப்பட்ட காலத்தில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

தோட்டத்தில் பிடித்த குட்டி

இங்கே எல்லோரும் சாவா என்று சொல்கிறோமே, அந்த மலைப்பாம்பு உலகிலேயே மிக நீளமாக வளரும் பாம்பு. முட்டையிலிருந்து வரும்போது ஒரு கை நீளம் இருப்பது, நன்றாகத் தின்றால் ஓரிரண்டு வருடத்தில் உங்கள் உயரத்தைத் தாண்டிவிடும். முழுதாக வளர்ந்தால் மூன்று மீட்டருக்கு மேல், பெண் பாம்பு ஐந்து ஆறு மீட்டர் வரைக்கும் போகும். சின்னத் தொட்டியில் வைத்தால் சின்னதாகவே இருக்கும் என்பது ஊர் பேச்சு, உண்மை இல்லை. தீனி கொடுத்தால் பாம்பு வளரும், தொட்டிதான் போதாமல் போகும். உடம்பை நீட்ட முடியாமல், மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு இருக்கும். தீனியைக் குறைத்தால் வளராது என்று யாராவது யோசனை சொன்னால், பட்டினி போடச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வளர்ந்த சாவாவைத் தூக்கிக் கூண்டு சுத்தம் செய்ய ஓர் ஆள் போதாது. விஷம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் இந்தப் பாம்புக்கு விஷம் தேவையே இல்லை, அதன் பலம் உடம்பில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஓடி விளையாடும் வீட்டில் இதைப் பற்றி இன்னும் நீட்டிப் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து சட்டம். "விஷமில்லாத பாம்புக்கு லைசென்ஸ் எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் சட்டம் விஷம் உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை, அந்த இனம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாவா பாதுகாக்கப்பட்ட விலங்கு. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். 2022இல் திருத்தம் வந்து தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன. நண்பர் காசு வாங்காமல் கொடுத்தார் என்பதால் இதில் எதுவும் மாறாது. வாளி அவர் வீட்டில் இருக்கும் வரை பிரச்சினை அவருடையது, உங்கள் கார் பூட்டில் ஏறிப் பாலம் தாண்டினால் உங்களுடையது.

காட்டில் பிடித்த பாம்புக்கு உடம்புக்குள்ளும் வெளியிலும் ஒட்டுண்ணி இருக்கும், மனித வாசனையே அதற்குப் பயம், பிடித்து வைத்த அதிர்ச்சியில் பல பாம்புகள் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். சும்மா கிடைத்த பாம்புக்கு மருத்துவச் செலவு செய்யும்போதுதான் அது எவ்வளவு விலை என்று தெரியவரும்.

பாம்புக் கோயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சுங்கை குளுவாங் கோயிலில் கிளைகளில் சுருண்டு கிடப்பவை வாக்லர் குழிவிரியன்கள், விஷமுள்ளவை. ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று நிறைய பேர் நம்புகிறார்கள். ஆனால் அந்த இனத்தின் சுபாவமே அப்படித்தான், பகலெல்லாம் ஒரே கிளையில் அசையாமல் இருந்து இரவில் இரைக்காகக் காத்திருக்கும். அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து விஷமில்லை என்று முடிவு கட்டாதீர்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேலியோரம் பார்க்கும் ஒல்லியான பச்சைக் கொடிப்பாம்பு, சதுப்புநிலக் காட்டில் வாழும் கருப்பும் மஞ்சளுமான பூனைப்பாம்பு, கடைகளில் விற்கும் ஹாக்னோஸ் பாம்பு இவையெல்லாம் வாயின் பின்பக்கம் விஷப்பற்களும் லேசான விஷமும் உள்ளவை. "இது ஒன்றும் செய்யாது" என்று விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டு எதையும் கையில் வாங்காதீர்கள்.

மகளும் அம்மாவும்

உங்கள் கடிதத்தில் நான் ரொம்ப நேரம் நின்று யோசித்த இடம் இதுதான், நீங்களோ ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஆரோக்கியமாக இருக்கும் பாம்பின் குடலிலேயே சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பாம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பார்த்தாலும் தெரியாது. அதன் எச்சத்தில் வெளியே வந்து தோலில், தண்ணீர்க் கிண்ணத்தில், பெட்டிக்குள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வந்தால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சில நாள் அவதி. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை போன்ற வியாதியால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் அது இரத்தத்தில் கலந்து ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகக்கூடும். உங்கள் வீட்டில் நான்கு பேரில் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

மூன்று வயதுப் பிள்ளை பாம்பைத் தொட்டாலும் கை கழுவும் வரை வாயில் விரலை வைக்காமல் இருக்காது. பாம்பைத் தொடாமலே கூட வரலாம்: நீங்கள் பாம்பைக் கையில் வைத்திருந்துவிட்டு அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்கினால் போதும். அதனால்தான் ஐந்து வயது வரை பொறுக்கச் சொல்கிறேன். அம்மாவுக்கு அப்போதும் கவனம் தேவை, ஆனால் பெரியவர் தள்ளி இருந்துகொள்வார், குழந்தைக்கு அது தெரியாது.

அப்போதும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாம்பின் கிண்ணத்தையும் பெட்டிச் சாமானையும் சமையலறை சிங்க்கில் கழுவக்கூடாது, அதற்கென்று தனி வாளியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு குளியலறையில் கழுவி, அந்த இடத்தைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிடுங்கள். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் மட்டும் போதாது. சாப்பாட்டு மேசை, சாமி மேடை, மகள் படுக்கும் அறை, இந்த மூன்று இடத்துக்கும் பாம்பு வரக்கூடாது.

வாடகை வீடு, பக்கத்து வீடு

என் வீட்டுக்குள் நான் வைத்திருப்பதை யார் கேட்பது என்று நினைப்பீர்கள். வாடகை வீடு என்பதால் முதலில் வீட்டுக்காரர் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப் செய்தி என்றாலும் சரி.

அப்புறம் அடுக்குமாடியின் மேனேஜ்மெண்ட். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில் துணைவிதி 14 பிராணிகளைப் பற்றியது. மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரக்கூடிய, அவர்கள் பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தாக இருக்கக்கூடிய பிராணியை வைத்திருக்கக்கூடாது என்கிறது. மீறினால், எழுத்து மூலம் நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளுக்குள் அந்தப் பிராணியைக் கட்டடத்தை விட்டு எடுத்தாக வேண்டும். உங்கள் கார்ன் ஸ்நேக் யாருக்கும் ஆபத்தில்லை என்று நீங்கள் வாதாடலாம், அதில் நியாயமும் இருக்கும். ஆனால் மூன்று நாளில் ஒரு பாம்புக்கு வேறு நல்ல வீடு தேட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வாங்கிவிட்டு மறைப்பதை விட, வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. மறுத்துவிட்டால் அந்த வீட்டில் இருக்கும் வரை பாம்பு கிடையாது, அவ்வளவுதான்.

பாம்பு பெட்டியை விட்டு வெளியேறிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. பாம்பு மூடியைத் தலையால் முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், விரல் நுழையும் இடைவெளி போதும். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும், ஃபிரிட்ஜ் பின்னால், வாஷிங் மெஷின் அடியில், இப்படிக் கதகதப்பும் இருட்டும் உள்ள இடமாகப் பார்த்து ஒளிந்துகொள்ளும். பக்கத்து வீட்டு வாசலில் தென்பட்டால் அவர்கள் 999க்குப் போன் செய்வார்கள், தீயணைப்புப் படையான போம்பா வரும், அது உங்கள் செல்லம் என்பது யாருக்கும் தெரியாது. பயந்துபோனவர் கையில் கட்டை கிடைத்தால் போம்பா வரும் வரை பாம்பு உயிரோடு இருக்காது. பூட்டு இல்லாத பெட்டியை வாங்காதீர்கள், மூடிமேல் செங்கல் வைப்பது பூட்டு ஆகாது.

எந்தப் பாம்பு?

முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது கார்ன் ஸ்நேக்தான். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. முழுதாக வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி, உங்கள் கட்டை விரலை விடக் கொஞ்சம் தடிமன். பல தலைமுறையாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுவதால் மனிதக் கைக்குப் பழகிவிடும், சாப்பாட்டில் அடம் பிடிக்காது. குட்டியில் கொஞ்சம் படபடப்பாக ஓடும், கடித்தாலும் கீறல் அளவுதான், சோப்பு போட்டுக் கழுவினால் போதும். சைட்டிஸ் எனப்படும் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் வாங்கும் முன் பெர்ஹிலித்தானுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த இனத்துக்கு இப்போது என்ன விதி என்று கேட்டுப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் ரசீதும் வாங்குங்கள்.

பால் பைத்தான் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, உருவத்தில் சின்னது, சாந்தமானது, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நீங்கள் ஏன் மயங்கினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் மலைப்பாம்புக் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது, எனவே காகிதம் இல்லாத பால் பைத்தானைத் தொடவே வேண்டாம், லைசென்ஸ் விஷயத்தைப் பெர்ஹிலித்தானிடம் முதலில் முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். இன்னொன்று, அது திடீரென்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாது. அனுபவசாலி எடை பார்த்துவிட்டுப் பொறுமையாக இருப்பார், புதிதாக வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும். ஸ்பைடர் என்ற நிற வகையைக் காட்டி ஆசை காட்டுவார்கள், அந்த மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது, தலை ஆடும், இரையைக் குறி வைக்கத் தடுமாறும். அழகுக்காக அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆயுளையும் கணக்கில் வையுங்கள். கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 வருடம், பால் பைத்தான் 20, 30 வருடம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய பால் பைத்தான் ஒன்று 2020இல் முட்டையிட்டது. உங்கள் மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போதும் இந்தப் பாம்பு உங்கள் வீட்டில் இருக்கும் என்று நினைத்து முடிவு செய்யுங்கள்.

கடையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: துணி போலத் தொங்கக்கூடாது, கையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், நாக்கு அடிக்கடி வெளியே வந்து போக வேண்டும். முதுகெலும்பு கூராகத் தெரியக்கூடாது, கழிவுத் துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும். மூக்கில் நீர்க்குமிழி, திறந்த வாய், மூச்சில் உஸ் என்ற இழுப்பு இருந்தால் சளி நுரையீரலுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைத்து, பாம்பின் தாடைக்கு அடியிலிருந்து வால் வரை மெதுவாக இழுத்துவிட்டு டிஷ்யூவைப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளி ஒட்டியிருந்து, சற்று நேரத்தில் அதில் ஒன்று நகர்ந்தால், அது பாம்புப் பேன். அந்தப் பாம்பை மட்டும் அல்ல, அந்தக் கடையில் வேறு எந்தப் பாம்பையும் அன்றைக்கு வாங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஒன்று கேளுங்கள்: என் கண் முன்னால் இது சாப்பிடுவதைக் காட்டுங்கள் என்று. நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

பினாங்கில் பாம்புக்கு எதிரி குளிர் அல்ல

ஹீட்டர் தேவையில்லைதானே என்று கேட்டிருந்தீர்கள். பாதி சரி. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை, விளக்கு போடு, சூடேற்று என்றே சொல்லும். நம் ஊரில் அதை அப்படியே செய்தால் பாம்பு வெந்துவிடும். கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 29, 30 டிகிரி, மறு பக்கம் 24, 25 டிகிரி இருந்தால் நல்லது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது, சூடு வேண்டும்போது இந்தப் பக்கம், குளிர்ச்சி வேண்டும்போது அந்தப் பக்கம் என்று நகர்ந்துதான் சமாளிக்கும். நம் வீட்டு அறையே மதியம் 31, 32 டிகிரி போகிறது, அப்போது நகர்ந்து போக அதற்குக் குளிர்ந்த பக்கமே இல்லை. மேற்கு வெயில் படும் சுவர், பால்கனி, ஜன்னலோரம் ஆகவே ஆகாது. 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நிறுத்திய காரில் ஐந்து நிமிடம் கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஏர்கோன் போடும் படுக்கையறையில் வைத்தால் இரவில் குளிர்ந்து, காலையில் அணைத்ததும் திடீரென்று சூடாகி, இப்படி மாறி மாறி வருவதும் கெடுதல்தான், தின்ற இரை செரிக்காமல் கக்கிவிடும். அப்படி ஓர் அறைதான் இருக்கிறது என்றால் பெட்டியின் ஒரு மூலைக்கு அடியில் சின்ன ஹீட் மேட் (சூடாகும் விரிப்பு) வைக்கலாம், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை மாட்டவே கூடாது. பாம்புக்கு வயிற்றுப் பக்கம் சுடுவது சீக்கிரம் தெரியாது, கருகிக்கொண்டிருந்தாலும் படுத்தே கிடக்கும். சூடாகும் கல் என்று கடையில் விற்பதை வாங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். மழைக்காலத்தில் நம் காற்றில் ஈரப்பதம் 80, 90 சதவீதம். கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டிக்குள் சுமார் 40 முதல் 60 வரை இருப்பது நல்லது. காற்றோட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியில், ஈரமான மரத்தூளின்மேல் படுத்துக் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, கொப்புளம் வந்து, அழுகத் தொடங்கும். நுரையீரல் சளியும் இதே ஈரத்தில்தான் பிடிக்கும். அதனால் பக்கவாட்டில் நிறைய துளை உள்ள பெட்டியாகப் பாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கம் வையுங்கள், கவிழாத கனமான கிண்ணமாக இருக்கட்டும். தரைக்கு மரத்தூள் போட்டால் இங்கே சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பழைய செய்தித்தாளோ கிச்சன் டவலோ போடுங்கள், அழகாக இருக்காது, ஆனால் எச்சமும் பேனும் உடனே கண்ணில் படும், எடுத்து எறிந்துவிட்டு வேறு போடலாம். பைன், சீடர் மரத்தூள் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்கு ஆகாது. வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம் இருக்கட்டும், ஒன்றுதான் என்றால் ஒளிந்துகொள்வதற்காகச் சூட்டையோ குளிரையோ சகித்துக்கொண்டு கிடக்கும்.

தோல் உரிக்கும் முன் நிறம் மங்கி, கண் பால் நிறமாகும். அப்போது அதற்குப் பார்வை சரியாக இருக்காது, சீண்டாமல் விடுங்கள். உரித்த தோலை எறிந்துவிடாமல் தலைப் பகுதியைப் பாருங்கள், இரண்டு கண் மேலும் இருந்த வட்டச் சவ்வு அதோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நகத்தால் நோண்டாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லா கிளினிக்கிலும் இருப்பதில்லை, பாம்பு வாங்கும் முன்பே நாலு இடத்துக்குப் போன் போட்டு யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு எலிதான், வேறு வழியில்லை. உறைய வைத்து விற்கும் எலியை வாங்கி, ஃபிரிட்ஜில் இளக வைத்து, பையோடு வெந்நீரில் போட்டுக் கதகதப்பாக்கி, நீளமான இடுக்கியில் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். குட்டிக்கு ஐந்திலிருந்து ஏழு நாளைக்கு ஒருமுறை, பெரிதான பிறகு பத்து, பதினான்கு நாளைக்கு ஒருமுறை, இரை பாம்பின் உடம்புத் தடிமனைத் தாண்டக்கூடாது. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். உயிருள்ள எலியைப் போட்டால் அது பயத்தில் பாம்பைக் கடித்துக் குதறிவிடும், வீட்டில் பொறி வைத்துப் பிடித்த எலி என்றால் எலி விஷமும் இருக்கலாம், எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உங்களுக்கும் வரலாம். இப்போது அந்த உறைந்த எலி எந்த ஃபிரீசரில் இருக்கப் போகிறது என்று யோசியுங்கள். புரட்டாசியில் முட்டை கூட ஏறாத வீடு என்றால் தனியாக ஒரு சின்ன ஃபிரீசருக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மனைவி "உங்க இஷ்டம்" என்று சொன்னது சம்மதம் மாதிரி எனக்குத் தெரியவில்லை, தம்பி. நீங்கள் இரவு ஷிப்ட் போகும்போது பெட்டி திறந்து கிடந்தால் பார்க்கப் போவது அவர்தான். எலி, பூட்டு, கிருமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

அம்மா சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். புற்றுக்குப் பால் வார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு, மகன் பாம்பைப் பெட்டியில் வைப்பது மனசை அறுக்கத்தான் செய்யும். பாம்பு பால் குடிக்காது, பழி வாங்காது என்பதெல்லாம் உண்மை, ஆனால் அதைச் சொல்லி அவரை மடக்குவதில் ஒரு பயனும் இல்லை. காட்டில் திரிந்த பாம்பை அடைக்கக்கூடாது என்ற இடத்தில் நானும் உங்கள் அம்மா பக்கம்தான். அந்தக் குட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

இந்த இரண்டு வருடத்தில் காலிப் பெட்டியை வாங்கி, தெர்மோமீட்டரும் ஈரமானியும் மாட்டி, எந்த மூலையில் வைக்கப் போகிறீர்களோ அங்கேயே வைத்துப் பாருங்கள். மதியம் எவ்வளவு, மழை இரவில் எவ்வளவு என்று எழுதி வாருங்கள். பாம்பு இல்லாத பெட்டியில் தப்பு வந்தால் யாருக்கும் வலிக்காது.

சரிப்படாவிட்டால் மலையில் விடலாம் என்று எழுதியிருந்தீர்கள், அந்த யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கூண்டில் பிறந்த பாம்பு காட்டில் செத்துவிடக்கூடும். பிழைத்தால் வெளிநாட்டு நோயையும் பேனையும் நம் காட்டுப் பாம்புகளுக்குக் கொடுக்கலாம். உங்களால் முடியாமல் போனால் யார் எடுத்துக்கொள்வார் என்று வாங்கும் முன்பே ஒரு பெயர் உங்களிடம் இருக்க வேண்டும்.

நண்பரின் குட்டி மட்டும் காத்திருக்காது. இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, வாளியில் இன்னும் நாள் கடத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பெர்ஹிலித்தானின் பினாங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து, தோட்டத்தில் பிடித்தது, எங்கே, எப்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று அவரே கேட்கட்டும். அவர்கள் வந்து எடுக்கும் வரை வாளி நிழலில் இருக்கட்டும், மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தீனி எதுவும் போட வேண்டாம், ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் போதும்.